ஊருக்கு ஃபைபர் வந்தும் ரீசார்ஜ் செலவு குறையாதது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

இது 2024 ஆகஸ்டு முதல் 2025 செப்டம்பர் வரை நடந்தவற்றின் பதிவு. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் ஷிப்யார்டிலும் வேலை பார்க்கும் ஏழு பேர், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே ஊராட்சியில் வசிக்கும் அவர்களது குடும்பங்கள், இடையில் இங்குள்ள தொண்டூழியர்கள் சிலர். ஆட்களின் பெயரோ ஊரின் பெயரோ சேவை தந்த நிறுவனங்களின் பெயரோ இதில் இல்லை. குடும்பத்தினர் கேட்டுக்கொண்டபடி அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டிருக்கிறேன். தொகைகள் அவர்கள் சொன்னவை, அவர்கள் கைபேசிகளில் இருந்தவை.

பின்னணி

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் அறையில் ஞாயிறு பிற்பகல்களில் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கைபேசி வகுப்பு நடத்துகிறோம். ஊருக்குப் பணம் அனுப்புவது, மோசடி அழைப்பை அடையாளம் காண்பது, சம்பளச் சீட்டைப் படித்துப் பார்ப்பது போன்றவைதான் பாடம். சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற கைபேசிப் பணப் பரிமாற்ற முறைகளின் இணைப்பு 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய பிறகு சிறு தொகைகளை அவ்வப்போது அனுப்பக் கற்றுக்கொள்ளப் பலர் வந்தார்கள். எதற்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் சொன்ன பதில் ரீசார்ஜ்.

2024 ஜூலை முதல் வாரத்தில் இந்தியாவின் மூன்று பெரிய தனியார் கைபேசி நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. நாளுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் ஒன்று 239 ரூபாயிலிருந்து 299க்குப் போனது. எண்ணை உயிரோடு வைத்திருக்க மட்டும் போடும் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது. ஆகஸ்டில் ஒரு வகுப்பு முடிந்ததும் ஷிப்யார்டில் வேலை செய்யும் ஒருவர் நின்று கேட்டார்: “அண்ணே, எங்க ஊருக்கு ஃபைபர் வந்து ஆறு மாசம் ஆச்சு. கம்பத்துல பெட்டி தொங்குது. நெட்டு நல்லா வந்தா காசு குறையும்னாங்க. எங்க வீட்டுல ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஏன்?”

நான் தொலைத்தொடர்புத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். அந்தக் கேள்விக்கு நின்ற இடத்திலேயே ஒரு பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதே ஊராட்சியைச் சேர்ந்த இன்னும் ஆறு பேர் வகுப்பில் இருந்தார்கள். ஏழு வீட்டுக் கணக்கையும் விரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் கண்டது

வீட்டிலிருந்து ரீசார்ஜ் வரலாற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னோம். கேள்வி கேட்டவரின் வீட்டில் மூன்று எண்கள். மனைவிக்கு 299, திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு 299, பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு 199. 28 நாளுக்கு 797 ரூபாய், அதாவது 12 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல். ஆண்டுக்குப் பதின்மூன்று முறை போட வேண்டியிருப்பதால் 10,361 ரூபாய். அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 319. எனவே ஒவ்வொரு சுற்றும் இரண்டரை நாள் கூலி.

அவர் மனைவி அனுப்பிய படத்தில் தொகையைவிடத் தேதிகள்தான் என் கண்ணில் பட்டன. சிங்கப்பூரில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். அவருக்கு வருவதும் ஏழாம் தேதிதான். அன்றே வீட்டுக்கு அனுப்புவார், எட்டாம் தேதி ரீசார்ஜ். திட்டமோ 28 நாளில் முடிகிறது. அடுத்த ரீசார்ஜ் ஐந்தாம் தேதி, அதற்கடுத்தது இரண்டு மூன்று நாள் முன்னால் என்று நகர்ந்து, சில மாதங்களில் மாதக் கடைசிக்கு வந்துவிடுகிறது. அப்போது கையில் காசு இருக்காது. படத்தில் அந்த இடத்தில் ஒன்பது நாள் இடைவெளி. அந்த நாள்களில் வீடியோ அழைப்பு கிடையாது, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வருவது தெரியாது. வங்கியின் ஓடிபிகூட எப்போது வராமல் போகும் என்ற பயம் வேறு. ஏழு வீடுகளில் ஐந்தில் இப்படிப்பட்ட இடைவெளிகள் இருந்தன. ஒரு ஜிபி என்ன விலை என்று ஆராயும் எந்த அறிக்கையிலும் இந்த ஒன்பது நாள் தெரியாது.

ஃபைபரைப் பற்றியும் விசாரித்தோம். கம்பி ஊருக்குள் வந்திருந்தது உண்மை. ஒரு தனியார் நிறுவனத்தின் லைன், வீட்டு இணைப்பு தருவது உள்ளூர்க் கேபிள்காரர். மாதம் 399, அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி, ஆக 471. இது நகரத்து விலைதான், அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பணமும் இணைப்புக் கட்டணம் 1,500 ரூபாயும் கேட்டார். வாசலில் கம்பி வந்து நிற்க ஒரே நாளில் 4,300 ரூபாய்க்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். வேறு ஆள் அந்தத் தெருவில் இல்லை. “தார்ரோடு போட்டுட்டாங்க, ஆனா ஒத்த மினிபஸ்தானே ஓடுது, அவன் சொல்றதுதான் டிக்கெட்டு” என்றார் ஏழு பேரில் மூத்தவர்.

இன்னொன்றும் தெரிந்தது. லைன் பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிக் கோயில் தெரு, ரேஷன் கடை வரை வந்து நின்றுவிட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் கம்பம் இருக்கிறது, கம்பி இல்லை. ஏழு வீடுகளில் மூன்று அந்தத் தெருவில். எல்லா வசதியும் அந்த வாய்க்கால் வரை வந்து நிற்பது இது முதல் முறை இல்லை என்று அந்த மூன்று பேரும் அமைதியாகச் சொன்னார்கள்.

எதிர்பார்ப்புக்கு என்ன அடிப்படை

கம்பி வந்தால் விலை இறங்கும் என்று அவர் நம்பியதில் தவறில்லை. அரசுகளும் உலக அமைப்புகளும் அப்படித்தான் பேசுகின்றன. இந்தியாவில் 2011இல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழையைக் கொண்டுபோவதை இலக்காக வைத்தது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கத் தனி நிறுவனமே இருக்கிறது. இவை தேவையான வேலைகள், நான் அவற்றின் பக்கம்தான். கேள்வி அடுத்த படியைப் பற்றியது.

எங்கள் ஏழு பேருக்கும் விளக்க நான் எடுத்துக்கொண்டது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கடியில் கிடக்கும் கேபிளை. ஐ2ஐ கேபிள் 2002இல் வந்தது, சுமார் 3,200 கிலோமீட்டர். டாடாவின் கேபிள் 2004இல் வந்தது. அப்படிப் பார்த்தால் தமிழ்நாட்டின் கரைக்குத் தாராளமான கொள்ளளவு வந்து பல ஆண்டுகள் ஆகியும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்குப்படி 2014இல் இந்தியாவில் ஒரு ஜிபியின் சராசரி விலை 269 ரூபாய். அதே டிராய் கணக்கில் 2018இல் அது 11.78. நடுவில் நடந்தது 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சந்தைக்குள் வந்தது. அந்த நிறுவனம் புதிதாக ஒரு 4ஜி வலையமைப்பையே கட்டிக்கொண்டு வந்தது என்பதால், கட்டமைப்புக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். கட்டமைப்பும் புது விற்பனையாளரும் ஒன்றாக வந்தபோதுதான் விலை விழுந்தது. விற்பனையாளர்கள் குறைந்து மூன்று பெரிய தனியார் நிறுவனங்கள் மிஞ்சிய பிறகு, 2024இல் மூன்றும் ஒரே வாரத்தில் ஏற்றின. கோபுரமும் கேபிளும் அப்போது முன்பைவிட அதிகமாகவே இருந்தன.

சிங்கப்பூரிலும் இதைக் காணலாம். இங்குள்ள தேசிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்புக்கு அரசு 100 கோடி வெள்ளி வரை மானியம் ஒதுக்கியது. மானியத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டது. இழையை வைத்திருக்கும் நிறுவனம் வீடுகளுக்கு நேரடியாக விற்கக் கூடாது, எல்லா விற்பனையாளருக்கும் ஒரே விலையில் தர வேண்டும். அந்த மொத்த விற்பனை விலை வீட்டுக்கு மாதம் 15 வெள்ளியில் தொடங்கி, 2018இல் 13.80 ஆனது. ஒரே இழையில் பல கடைக்காரர்கள் போட்டியிட்டதால்தான் நொடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பு 50 வெள்ளிக்குள் வந்தது. கைபேசியிலும் அப்படியே. நான்காவது நிறுவனத்துக்கான ஏலம் 2016 டிசம்பரில் முடிந்து, அது 2020இல் சேவை தொடங்கியது. எங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் 10 வெள்ளி மாதத் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். நான்காவது ஆள் வருவதற்கு முன்னாலும் இந்தத் தீவில் சிக்னல் நன்றாகத்தான் கிடைத்தது.

வெளியே பார்த்தாலும் கதை அதுதான். தென்னாப்பிரிக்காவில் நல்ல வலையமைப்பு இருந்தும் மிகப் பெரிய நிறுவனம் 30 நாளுக்கான ஒரு ஜிபியை 149 ராண்டுக்கு விற்றது. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டு அழுத்தம் கொடுத்த பிறகு, 2020 ஏப்ரல் 1 முதல் 99 ராண்ட். விடுதியில் இவர்களோடு ஒரே அறையில் இருக்கும் பங்களாதேஷ்காரர் ஒருவர், தங்கள் நாட்டில் 2021இல் நொடிக்கு ஐந்து மெகாபிட் வேக லைனுக்கு 500 டாக்காவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசே உச்சவரம்பு வைத்ததைச் சொன்னார். மியன்மாரிலிருந்து வந்த ஒருவர், முன்பு வசதியானவர்கள் மட்டுமே வாங்க முடிந்த சிம் அட்டை 2014இல் இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் 1,500 சாட்டுக்குக் கிடைத்ததை நினைவுகூர்ந்தார்.

ஐநா அகண்ட அலைவரிசை ஆணையம் அடிப்படை இணைப்பின் விலை தலா மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2025க்கு இலக்கு வைத்தது. அது நாட்டின் சராசரியை வைத்துப் போடும் கணக்கு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதம் 6,000 ரூபாயில் ஓடும் வீட்டில் ஒற்றைக் கைபேசிக்கு 299 போட்டாலே 5 விழுக்காடு. நாட்டுக் கணக்கில் இணையம் மலிவு, அந்த வீட்டில் இல்லை.

இவற்றையெல்லாம் பேசிய பிறகு நாங்கள் வந்த முடிவு இதுதான். கட்டமைப்பு ஒரு ஜிபியைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவைக் குறைக்கிறது. வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் தொகை இறங்க வேண்டுமானால் அதே ஊரில் விற்க இரண்டு பேர் வேண்டும், பணம் கட்டும் முறை வருமானம் வரும் நாளோடு ஒத்துப்போக வேண்டும், நுழைவதற்கான குறைந்தபட்சத் தொகை சிறிதாக இருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏழு பேரும் சேர்ந்து ஊருக்கு ஏதாவது செய்ய விரும்பினார்கள். பணம் யார் தருவது என்பதே முதல் கேள்வி. சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வேண்டும். இந்தியப் பக்கத்தில், வெளிநாட்டுக் குடிமக்கள் ஓர் அமைப்புக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது அப்படி வராது. எனவே பணம் அந்த ஏழு பேருடையது மட்டும் என்றும், சிங்கப்பூரர்களான நாங்கள் நேரத்தையும் துறை அறிவையும் தருவது என்றும் வைத்துக்கொண்டோம். இதனால் தொகை சிறியதாயிற்று, ஆனால் முடிவு எடுப்பதும் அவர்கள் கையில் நின்றது.

வீட்டுக்கு வீடு ஃபைபர் போடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. மூன்று வீடுகளுக்குக் கம்பியே எட்டாது என்பதால் அதை மூத்தவர் மறுத்தார். “நாலு வீட்டுக்குப் போட்டுட்டு மூணு வீட்டு மூஞ்சில நான் முழிக்க முடியாது” என்றார். பிள்ளைகளுக்குக் கைக்கணினி வாங்கும் யோசனையும் கைவிடப்பட்டது, அதற்கும் டேட்டா போட வேண்டுமே.

மகளிர் சுயஉதவிக் குழுக் கட்டடத்துக்கு ஒரு வணிக இணைப்பு எடுத்து, குழுவின் பேரில் வைத்து, பிள்ளைகளும் பெண்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று முடிவானது. மாதம் ஜிஎஸ்டியோடு 826 ரூபாய், ஆளுக்கு 118, இரண்டு வெள்ளிக்கும் குறைவு. மின்வெட்டைச் சமாளிக்கப் பழைய இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கினார்கள்.

பொது வைஃபை வைத்து ஐந்து பத்து ரூபாய்க்குச் சிறு பொட்டலமாக டேட்டா விற்கவும் வழி இருந்தது. இந்திய அரசு 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தின்கீழ் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் பொது டேட்டா மையம் நடத்தலாம். தினக்கூலிக்காரருக்கு ஏற்ற முறை இது, என் மனத்துக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் விசாரித்தபோது, மறுவிற்பனை என்றால் வீட்டுத் திட்டமோ சாதாரண வணிகத் திட்டமோ தர முடியாது, ஒருவருக்கென்றே ஒதுக்கும் விலை கூடிய தனிக் குத்தகை லைன்தான் என்றது நிறுவனம். அந்த விலையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் விற்க முடியாது. தள்ளிவைத்தோம்.

ரீசார்ஜ் முறையையும் மாற்றுவது என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு நிறுவனமும் மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியிலேயே ஆணையிட்டிருந்தது. அப்படி ஒன்று 319 ரூபாய்க்கு இருந்தது. ஊரில் ரீசார்ஜ் கடைக்காரர் உட்பட யாருக்கும் தெரியவில்லை. 299ஐப் பதின்மூன்று முறை போட்டால் 3,887, 319ஐப் பன்னிரண்டு முறை போட்டால் 3,828. மிச்சம் சொற்பம்தான். ஆனால் தேதி நகராது. எட்டாம் தேதி என்றால் எப்போதும் எட்டாம் தேதி.

குழுத் தலைவியான அம்மாவிடம் இன்னொரு வேலையையும் கேட்டுக்கொண்டோம். பக்கத்து ஊர் வரை வந்திருந்த வேறொரு நிறுவனத்தின் முகவரை அழைத்து, இந்த ஊரில் எத்தனை வீடுகள் இணைப்புக்குத் தயார் என்று ஒரு பட்டியல் தரச் சொன்னோம். போட்டி தானாக நடந்து வராது, அழைத்துத்தான் வர வேண்டும் என்பது என் அனுபவம்.

நடந்தது

2024 அக்டோபரில் கட்டடத்துக்கு லைன் வந்தது. தலைவியம்மாள் காணொளி அழைப்பில் பெட்டியைக் காட்டி, “தம்பி, பச்சையா எரியுது, சரிதானே?” என்று கேட்டார். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் பகலில் குழுக் கணக்கு, ஓய்வூதிய விண்ணப்பம், வெளிநாட்டு அழைப்பு எல்லாவற்றையும் அங்கேயே பார்த்தார்கள்.

2025 ஜனவரியில் சம்பா அறுவடை. வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று ரேஷன் கடைக்கு எதிரே தாழ்வாகத் தொங்கிய கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. எங்கே அறுந்திருக்கிறது என்பதைத் தலைவியம்மாளே கம்பம் கம்பமாகப் பார்த்து, படமெடுத்து, கேபிள்காரருக்கு அனுப்பினார். இழையை ஒட்டவைக்கும் கருவி புதுக்கோட்டையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, பதினோராம் நாள்தான் சரிசெய்தார்கள். கட்டணத்தில் கழிவு எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் பிள்ளைகளின் வீட்டில் கூடுதல் டேட்டா போட்டார்கள். ஒற்றை லைன் அறுந்தால் அதுவரை மிச்சம் பிடித்தது முழுவதும் போய்விடும் என்று அன்று தெரிந்தது.

அதே மாதம் வேறொரு நல்லதும் நடந்தது. டேட்டா வேண்டாதவர்களுக்கு அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்ததால், ஜனவரியில் அத்தகைய திட்டங்கள் வந்தன. பட்டன் போன் வைத்திருந்த அப்பாவுக்கு 84 நாளுக்கு 469. முன்பு 199ஐ மூன்று முறை போட்டு 597 ஆன இடம். அவர் ஒருநாளும் தொடாத டேட்டாவுக்குத்தான் இத்தனை காலமும் காசு போயிருக்கிறது.

மார்ச்சில் இரண்டாவது நிறுவனத்தின் முகவர் வந்தார். தலைவியம்மாள் கையில் இருந்த பட்டியலில் முப்பதுக்கு மேல் வீடுகள். அவர் கோயில் தெருவில் கம்பி இழுத்த வாரத்திலேயே பழைய கேபிள்காரர் 1,500 ரூபாய் இணைப்புக் கட்டணத்தை விட்டுவிட்டார். ஆறு மாத முன்பணம் ஒரு மாதமாயிற்று. குழுக் கட்டடத்தின் 826 ரூபாய், பேசிப் பார்த்ததில் 590க்கு இறங்கியது. பழைய கம்பியும் பெட்டியும் அப்படியேதான் இருந்தன, பக்கத்தில் இன்னொரு கம்பி வந்தது மட்டுமே புதிது.

2025 ஜூனில் டிராய் இன்னொரு ஆணை வெளியிட்டது. பிஎம்-வாணி மையங்களுக்கு நொடிக்கு 200 மெகாபிட் வரையிலான வீட்டுத் திட்டங்களை, வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் தர வேண்டும். நாங்கள் முன்பு தள்ளிவைத்த வழி அதனால் மீண்டும் திறந்தது.

விளைவு

கேள்வி கேட்டவரின் வீட்டுக் கைபேசிச் செலவு ஆண்டுக்கு 10,361 ரூபாயிலிருந்து சுமார் 9,690க்கு வந்தது. 7 விழுக்காடுகூடக் குறையவில்லை. அந்தக் குறைவும் ஒழுங்குமுறை ஆணைகளால் கிடைத்த திட்டங்களிலிருந்து வந்தது, ஃபைபரால் வந்ததில்லை. கட்டடத்துக்கு அவர் தரும் பங்கைச் சேர்த்தால் செலவு முன்பைவிடச் சற்று அதிகம். இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் சொன்னது: “காசு குறையலதான் அண்ணே. ஆனா மாசக் கடைசில வீட்டுக்கு லைன் போகாம இருக்கிறதில்ல.” இடைவெளி இருந்த ஐந்து வீடுகளில் நான்கில், ஒரே தேதித் திட்டத்துக்கு மாறிய பிறகு இடைவெளி இல்லை. எனக்கு இதுதான் இந்த முயற்சியின் பெரிய பலன்.

கட்டடத்துக்கு அருகே இருக்கும் இரண்டு வீடுகளில் பெண்கள் 299ஐ விட்டு 199க்கு இறங்கினார்கள். அவர்களுக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாய் மிச்சம். ஃபைபரால் நேரடியாகச் செலவு குறைந்தது இந்த இரண்டு வீடுகளில் மட்டும். முன்பணம் குறைந்ததும் வேறு இரண்டு வீடுகள் சொந்தமாக 471 ரூபாய் இணைப்பு எடுத்தன. அவர்களது மொத்தச் செலவு கூடியது, தெரிந்தேதான் எடுத்தார்கள். ஒரு வீட்டில் மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிறாள். இணையத்துக்கு அதிகம் செலவழிக்கும் வீடு கட்டுப்படியாகாத வீடு என்று கணக்குப் போடக் கூடாது என்பதை அங்கே பார்த்தேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மூன்று வீடுகளுக்குக் கிடைத்தது ரீசார்ஜ் தேதி ஒழுங்கானது மட்டுமே. அந்தத் தெருப் பிள்ளைகள் தேர்வுக் காலத்தில் கட்டடத்துக்கு வந்தார்கள், ஆனால் பெண் பிள்ளைகளை ஆறரைக்கு மேல் இருக்க வீட்டில் விடவில்லை. திரும்பும் வழியில் தெருவிளக்கு இல்லை. இரண்டாவது நிறுவனமும் கோயில் தெருவோடு நின்றுகொண்டது. முப்பது வீட்டுப் பட்டியலில் அந்தத் தெருவிலிருந்து ஒன்பது வீடுகள் இருந்தும், பாலம் தாண்டிக் கம்பி இழுக்கும் செலவுக்குக் கட்டாது என்றார் முகவர். இருவர் போட்டியிட்டும் எட்டாத தெரு இருக்கும், அங்கே பொதுப் பணம்தான் போக வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்த ஊரில் மாற்றிச் செய்ய வேண்டியவை

இப்போது வேறு இரண்டு ஊராட்சிகளைச் சேர்ந்தவர்கள் இதே போல் கேட்டு வருகிறார்கள். அவர்களிடம் ரீசார்ஜ் வரலாற்றைத்தான் முதலில் வாங்குகிறோம். வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதோடு, ஆண்டில் எத்தனை நாள் லைன் இல்லாமல் கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். மாதத் தேதித் திட்டமும் அழைப்பு மட்டும் உள்ள திட்டமும் காசு செலவில்லாத மாற்றங்கள், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். கம்பி வரும்வரை அவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பட்டியலோடு இரண்டாவது விற்பனையாளரை அழைப்பது, முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். முன்பணம் எத்தனை மாதம், லைன் அறுந்தால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள், அந்த நாள்களுக்குக் கட்டணக் கழிவு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். அறுவடைக் காலத்துக்கு முன் தாழ்வான கம்பிகளை உயர்த்திக் கட்டச் சொல்ல வேண்டும்.

பொது இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இருக்கிற கட்டடம் எது என்று பார்க்காமல், லைன் எங்கே நிற்கிறது, இருட்டிய பிறகு எந்தத் தெருப் பெண் பிள்ளைகள் நடந்து வர முடியும் என்று பார்த்து வைக்க வேண்டும். இந்த ஊரிலேயே அதைத் திருத்த முயல்கிறார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பால் கூட்டுறவுச் சங்கத்தின் அறை ஒன்று இருக்கிறது. அங்கே புதிய ஆணையின்படி ஒரு பொது டேட்டா மையம் தொடங்க, சங்கத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் முன்வந்திருக்கிறார். பாலத்தின் மேல் கம்பி கொண்டுபோக ஊராட்சியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கான மனுவைச் செப்டம்பரில் தலைவியம்மாளும் அந்தப் பெண்ணும் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். கம்பி இழுக்கும் செலவில் தங்கள் பங்காக ஏழு பேரும் அடுத்த மூன்று மாதத்துக்கு ஆளுக்கு 20 வெள்ளி ஒதுக்கியிருக்கிறார்கள்.